ஏழாம் அத்தியாயம்

பகலில் தட்டச்சு,
நாகர்கோவில் மகளிர் நீதிமன்றத்தில்.
சாட்சி சொல்வதை நீதிபதி திருப்பிச் சொல்ல
என் விரல் வழியே அது வாக்குமூலமாகும்.
அழுகைக்கு விசைப்பலகையில் எழுத்தில்லை.
இடையில் விட்ட மூச்சுகள் விழுந்துபோகும்.

கோர்ட்டுத் தமிழில்
குற்றம் சாட்டப்பட்டவனுக்குப் பெயர் எதிரி.
நிரூபணம் ஆகும்வரை நிரபராதி,
முதல் வாய்தாவிலிருந்தே எதிரி.
இருபது வருஷமாக இரண்டையும் ஒரே கையால் அடிக்கிறேன்,
கூசியதில்லை.

இரவில் நாவல்.
குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம்.
புகைப்புரை. கம்பிகளில் தொங்கும் ஷீட்டுகள்.
அவற்றை உலர்த்துகிற பெர்லின், வயது இருபத்துமூன்று.
கணக்குப்பிள்ளை நேசையன்,
ஞாயிறுதோறும் சபையின் காணிக்கையை எண்ணுகிறவன்,
ஒரு ரூபாய் பிசகியதில்லை.
ஏழாம் அத்தியாயத்தில் புரையின் கதவு சாத்தப்படுகிறது.
எட்டில் அவள் காவல் நிலையத்தில் இருக்கிறாள்.

ஏழைக் கிழித்துவிட்டேன்.
வாசிக்கிறவர் நீதிபதி நாற்காலியில் உட்காரட்டும்,
அதுதானே நியாயம்.

வக்கீல் ரெஜினால்டுக்குப் பிடித்துப்போயிற்று.
குறுக்கு விசாரணையில் அவளிடம் கேட்கப்
பதினொரு கேள்விகளை
ஓரத்தில் பென்சிலால் எழுதியும் தந்தார்.
நல்ல கேள்விகள்.
ஏன் கத்தவில்லை என்பது நான்காவது.

பெஞ்ச் கிளார்க் தங்கலீலா
தக்கலை பஸ்ஸில் நின்றபடியே வாசித்து முடித்தாள்.
வில்லுக்குறி தாண்டும்போது,
"ஏட்டி, அவன் செய்தானா இல்லியா?"
வாசகர் முடிவுக்கு விட்டிருக்கிறேன் என்றேன்.
"கள்ளம் பறையாத.
ஜட்ஜம்மாவுக்குத் தெரியாது, செரி, அவங்க அங்க இல்ல.
அந்தப் புரையக் கெட்டினதே நீதானே.
கதவு வச்சதும் நீ. உனக்குமா தெரியாது?"

அன்றிரவு இரண்டு ஏழாம் அத்தியாயங்கள் எழுதினேன்.
ஒன்றில் அவன் செய்தான்.
முக்கால் மணி நேரம். பிறகு
ஒரு செம்புத் தண்ணீரை நின்றவாக்கில் குடித்தேன்.
மற்றதில் செய்யவில்லை.
கணக்கு நோட்டை எடுக்க வந்தான், எடுத்தான், போனான்.
இது சுலபமாக வந்தது.
ஆனால் அதற்கப்புறம் பெர்லின்
பொய்யைச் சுமந்து ஸ்டேஷன் படி ஏற வேண்டும்.
பொய் சொன்ன பெண்கள் உண்டு,
அவர்கள் வாக்குமூலத்தையும் அடித்த கைதான் இது.
இவள் ஏறவில்லை.
இரண்டரை மணிவரை கீழ்ப்படியில் நின்று
ஆசிட் மணக்கும் கையைத் துப்பட்டாவில் துடைத்தபடி
என்னையே பார்த்தாள்.

தெரியாதவர் சந்தேகப்படுவது நேர்மை.
நான் சந்தேகப்படுவது
பத்தாயச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு
ரேஷன் வரிசையில் நிற்பது.

மறுநாள் ஒரு தீர்ப்பு.
சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து, விடுதலை செய்து.
பிழையில்லாமல் அடித்தேன்.
கூண்டில் நின்றவர் கண்ணாடியைக் கழற்றிச்
சட்டை நுனியில் துடைத்தார், வெகுநேரம்.
செய்திருக்கலாம். செய்யாமலும் இருக்கலாம்.
அவரை நான் எழுதவில்லை.
அந்தப் பெண்ணையும்தான்.
வராந்தாவில் அவள் தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.
யாரோ மாற்றிப் போட்டுப் போயிருந்தார்கள்.

சாப்பாட்டுப் பையில் இரண்டு ஏழுகளும் கிடந்தன.
பார்வதிபுரம் மேம்பாலத்தில் பஸ் ஏறும்போது
ஒன்றை எடுத்துப் பக்க எண் இட்டேன்.
கை ஆடியதில் எண் கோணிப்போனது.

வக்கீலின் பென்சிலை நான் அழிக்கவில்லை.
பதினொன்றும் கேட்கப்படட்டும்.
நேசையனுக்கும் ஒரு வக்கீல் வேண்டும்,
அவனுக்கும் கிடைக்கலாம் அந்தச் சந்தேகத்தின் பலன்.
நான்காவது கேள்வி வரும்போது
பெர்லின் வாய் திறக்காமல் நிற்பாள்.
வாசிக்கிறவர்
அப்போது அவளோடு புகைப்புரைக்குள் இருப்பார்.